கோணம் குடுக்கலையே சார்!

பிளஸ் 1 இயற்பியல் வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். உராய்வே இல்லாத சாய்தளம். உச்சியின் உயரம் 5 மீட்டர். அங்கிருந்து நழுவும் கட்டை, அடியை எந்த வேகத்தில் வந்தடையும்? நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட, "கோணம் குடுக்கலையே சார்" என்று பேனாவைக் கீழே வைத்துவிடுவதுண்டு.

கோணம் தேவையே இல்லை. மேலே இருந்த நிலை ஆற்றல் முழுவதும் கீழே இயக்க ஆற்றலாகிறது, அவ்வளவுதான். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொண்டால் விடை, வினாடிக்கு 10 மீட்டர். அதே 5 மீட்டரிலிருந்து ஒரு கல்லைக் கீழே விட்டாலும், ஊசல் குண்டை அந்த உயரத்துக்கு இழுத்து விட்டாலும் கடைசியில் கிடைக்கும் வேகம் இதேதான். ஆனால் பிள்ளைகள் இவற்றை மூன்று பாடங்களின் மூன்று கணக்குகளாக, மூன்று சூத்திரங்களோடு மனப்பாடம் செய்கிறார்கள்.

மிஷெலீன் சி, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர் 1981-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. ஹாலிடே–ரெஸ்னிக் பாடநூலிலிருந்து 24 கணக்குகளை எடுத்தார்கள். விடை காண வேண்டாம், ஒத்தவற்றை ஒன்றாக அடுக்கினால் போதும் என்றார்கள். ஒரு பருவம் இயக்கவியல் படித்து முடித்திருந்த கல்லூரி மாணவர்கள், சாய்தளங்களை ஒரு பக்கமும் சுருள்வில்களை இன்னொரு பக்கமும் வைத்தார்கள். முனைவர் பட்ட மாணவர்களோ ஒரு சாய்தளத்தையும் ஒரு சுருள்வில்லையும் சேர்த்து வைத்தார்கள். இரண்டுக்கும் ஆற்றல் மாறா விதிதான் வழி என்பதால். முன்னவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பின்னவர்கள் விதியைப் பார்த்தார்கள்.

இந்தப் பார்வைக்கு நம் வகுப்பறையில் நேரம் எங்கே? போர்ஷன் முடிக்க வேண்டும். நீட் என்றால் 180 நிமிடத்தில் 180 கேள்வி. ஆசிரியர் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதியதுமே எண்களைப் போட்டுப் பழக்கப்பட்ட பிள்ளைக்கு, எந்தச் சூத்திரம், ஏன் என்று முடிவெடுக்கும் வாய்ப்பே வருவதில்லை. கணக்குப் போடுவதில் கடினமான பகுதியே அதுதான். அதை ஆசிரியரே செய்துவிட்டால் மிச்சம் இருப்பது பெருக்கலும் வகுத்தலும்.

வாரத்தில் ஒரு பீரியட் போதும். எண்களே இல்லாத கணக்குகளைக் கொடுத்து, எந்த விதி என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள், காரணத்தையும் கேளுங்கள். பிறகு அந்தச் சாய்தளத்துக்கே திரும்பி, உராய்வு உண்டு என்று ஒரு சொல்லை மட்டும் சேர்த்துப் பாருங்கள். இப்போது கோணம் உண்மையிலேயே வேண்டும்: சரிவு குறையக் குறைய கட்டை நழுவும் தூரமும் கூடுகிறது, அதை அழுத்தும் விசையும் கூடுகிறது, உராய்வில் போகும் ஆற்றலும் அதிகமாகிறது. முதல் கணக்கில் தேவைப்படாத கோணம் இங்கே ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பிள்ளைகளே பேசிக் கண்டுபிடிக்கட்டும், அந்த பீரியட் முழுவதும் போனாலும் சரி.