இருபது பலகை, ஒரு கிராண்ட்மாஸ்டர்

சதுரங்க கிராண்ட்மாஸ்டர் பிரக்ஞானந்தா சென்னை பாடியில் வளர்ந்தவர். குகேஷ் படித்த பள்ளி அம்பத்தூரை ஒட்டிய மேல் அயனம்பாக்கத்தில் இருக்கிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அவர் உலக சாம்பியன் ஆனபோது வயது 18. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஒரு முதியோர் இல்லத்துக்கு நிதி திரட்ட உட்காருகிறவர்களுக்கு, "நம்ம ஏரியா பையன்தானே, கேட்டுப் பார்ப்போமே" என்று தோன்றுவது இயல்புதான்.

தாராளமாகக் கேட்கலாம். ஆனால் என்ன கேட்பது?

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். 13-ஆம் தேதி மாலை விஸ்வநாதன் ஆனந்த், ஹம்பி, ஹரிகா, நிஹால் சரின், பிரக்ஞானந்தா ஆகிய ஐந்து கிராண்ட்மாஸ்டர்களும் இணையத்தில் பலரோடு ஒரே நேரத்தில் ஆடினார்கள். சதுரங்கக்காரர்கள் இதை 'சைமல்' என்பார்கள். ஆனந்தோடு ஆட 150 டாலர், மற்றவர்களோடு ஆட 25 டாலர். திரண்ட தொகை கொரோனா நிவாரணத்துக்குப் போனது. பிரக்ஞானந்தாவுக்கு அப்போது 15 வயது. அந்த வயதுப் பையனிடம் காசோலை கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? ஒரு மாலை நேரம் ஆடச் சொன்னார்கள், ஆடினான். பணம் எதிரே உட்கார ஆசைப்பட்டவர்களிடமிருந்து வந்தது.

அடுத்த மாதமே இதன் மறுபக்கமும் தெரிந்தது. அட்சய பாத்திரம் அறக்கட்டளைக்காக ஆமிர் கான் உள்ளிட்ட பிரபலங்களோடு ஆனந்த் ஆடினார். தொழிலதிபர் நிகில் காமத் அவரை வென்றதாகச் செய்தி பரவியது. மறுநாள் காமத்தே, கணினி உதவியோடு ஆடியதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பலகையில் இருந்த நிலையைப் பார்த்துத்தான் தாம் ஆடியதாகவும், எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் சொல்லிவிட்டு ஆனந்த் நகர்ந்துவிட்டார். நல்ல காரியத்துக்காக நடந்த ஆட்டத்தில் பேசப்பட்டது அந்த ஒரு விவகாரம்தான். இலவசமாக வருகிறார் என்பதற்காக ஆட்டக்காரரின் ஆட்டத்தை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது.

நம் ஊர்ப் பழக்கமோ பொன்னாடை, பூங்கொத்து, குத்துவிளக்கு, இரண்டு மணி நேரம் மேடை. அதிலும் பொங்கல் விழாவுக்குக் கூப்பிடுவோம். ஜனவரியில் நெதர்லாந்தில் டாடா ஸ்டீல் போட்டி. 2025-இல் அங்கே குகேஷும் பிரக்ஞானந்தாவும் டைபிரேக்கர் வரை மோதி, பிரக்ஞானந்தா வென்றார். அந்த நேரத்தில் வாசலில் பத்திரிகையோடு நின்றால் யார் கிடைப்பார்கள்?

போட்டி அட்டவணையைப் பார்த்து, ஆறு மாதம் முன்பே எழுதுங்கள். வீட்டு வாசலுக்கோ பள்ளிக்கோ போகாமல் ஆட்டக்காரரின் மேனேஜருக்கு அனுப்புங்கள். சிறுவர் என்றால் பெற்றோருக்கு. ஒரு பக்கம் போதும்: யாருக்காக, எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், இருபது பலகையா, பத்தா. அறக்கட்டளையின் பதிவுச் சான்றை இணைத்துவிடுங்கள். நன்கொடையை வங்கி வழியாகவே வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வரிச்சலுகை கிடைக்காது. சம்மதம் வரும் முன்பே அவர் படத்தைப் போட்டு ஃப்ளெக்ஸ் அடிக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அவருடைய ஸ்பான்சர் ஒப்பந்தத்துக்கே அது சிக்கலாகலாம்.

பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். தூரத்துச் சொந்தம், கவுன்சிலர் சிபாரிசு என்று துரத்த வேண்டாம். பக்கத்துத் தெருப் பயிற்சி மையத்தில் மாவட்ட அளவில் ஆடுகிற பெண் ஒருத்தி இருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எதிரே பத்துப் பலகை போட்டு, ஆளுக்கு 200 ரூபாய் என்று அறிவித்துப் பாருங்கள். தோற்றுப்போவதற்கு முதலில் வரிசையில் நிற்பவர்கள் அந்தத் தெரு மாமாக்களாகத்தான் இருப்பார்கள்.