காளானைக் காண ஒரு கைவில்லை

மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில் பள்ளித் திடலின் ஓரத்தையும், பழைய பால்மரக் கட்டைகள் கிடக்கும் இடத்தையும் சற்று உற்று நோக்குங்கள். முந்திய நாள் இல்லாத காளான்கள் அங்கே தலைகாட்டி நிற்கும். சில குடை விரித்திருக்கும். சில சிப்பியைப் போலக் கட்டையில் ஒட்டியிருக்கும். சில பவளக் கொத்துப் போலக் கிளைத்திருக்கும். இவற்றை இன்னின்னவை என இனம் பிரித்தறிய விரும்பும் மாணவனுக்கு முதற்கண் வேண்டுவது ஒரு கைவில்லை. நாம் பூதக்கண்ணாடி என்று வழங்கும் கருவியின் சிறிய வகையே இஃது. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

கைவில்லை வாங்கச் செல்லும் பிள்ளைகள் பெரும்பாலும், "எது மிகப் பெரிதாகக் காட்டும்?" என்றே கேட்பர். காளான் ஆய்வுக்கு அக்கேள்வி பொருந்தாது. பொருளைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் வில்லையே இதற்கு ஏற்றது. இருபது மடங்கு வில்லை கையிலிருந்தும் காட்டிலே கண் தெரியாமல் இடர்ப்படுவோர் உண்டு. அதன் காரணத்தைச் சிறிது விளக்குவோம்.

தொலைவிலிருந்து வரும் ஒளியைக் குவிவில்லை ஓரிடத்தில் ஒன்றுகூட்டுகிறது. அவ்விடத்திற்கும் வில்லைக்கும் இடைப்பட்ட தொலைவே குவியத்தூரம் எனப்படும். தெளிவாகப் பார்ப்பதற்குரிய அண்மைத் தொலைவு 25 சென்டிமீட்டர் என அறிவியலார் பொதுவாகக் கொள்வர். இந்த 25-ஐக் குவியத்தூரத்தால் வகுத்தால், அவ்வில்லை எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது புலப்படும். பத்து மடங்கு வில்லையின் குவியத்தூரம் 2½ சென்டிமீட்டர். இருபது மடங்கு வில்லைக்கோ 1¼ சென்டிமீட்டர்தான். ஆகவே, பின்னதைக் கொண்டு பார்க்க வேண்டுமாயின், ஒரு விரற்கிடைக்கும் குறைவான தொலைவிலே காளானைப் பிடித்தல் வேண்டும். அவ்வளவு நெருங்கினால் நம் தலையின் நிழலே காளான்மீது விழுந்து ஒளியை மறைத்துவிடும். மேலும், காளான் தாளைப் போலத் தட்டையானதன்று. மேடும் பள்ளமும் உடையது. மேட்டைத் தெளிவாகக் கண்டால் பள்ளம் மங்கும். பள்ளத்தைக் கண்டால் மேடு மங்கும். பத்து மடங்கு வில்லையில் இத்தொல்லை பெரிதும் குறைவு. கதைப்புத்தகம் படிக்க உதவும் அகன்ற கண்ணாடியோ இரண்டு மூன்று மடங்கே பெரிதாக்கும், அது போதாது.

கைவில்லைகளின் சட்டத்தில் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருத்தலைக் காணலாம். முன்னது மடங்கு, பின்னது வில்லையின் குறுக்களவு, மில்லிமீட்டரில். இவற்றுள் முன்னதை அப்படியே நம்பிவிடுதல் கூடாது. முப்பது மடங்கு என்று பொறித்து விற்கப்படும் மலிவான வில்லைகள் பல, உண்மையில் பத்து மடங்கு அளவே பெரிதாக்குகின்றன. உண்மையை அறிய ஓர் எளிய வழி உண்டு. சன்னலுக்கு எதிரே நின்று, வில்லையை ஒரு வெண்தாளுக்கு முன்னே பிடித்து, முன்னும் பின்னும் மெல்ல நகர்த்துங்கள். சன்னலின் உருவம் தலைகீழாகத் தாளில் தெளிவாக விழும்போது, வில்லையின் நடுவிலிருந்து தாள்வரை அடிக்கோலால் அளந்து, 25-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். சூரியனை மட்டும் வில்லை வழியாக ஒருபோதும் பார்த்தல் ஆகாது, கண்பார்வை கெட்டுவிடும்.

இனி, வில்லையின் தரம். ஒரே கண்ணாடியால் ஆகிய வில்லையில் உருவத்தின் ஓரங்கள் வளைந்தும், வானவில் நிறம் பூசியும் தோன்றும். மூன்று வில்லைகளை ஒன்றாக ஒட்டிச் செய்தவற்றில் இக்குறை மிகக் குறைவு. விலை சற்று மிகுதியாயினும் அதனையே வாங்குதல் நன்று. கடையிலேயே சோதிக்க விரும்பினால் கணக்குப் பயிற்சிப் புத்தகத்தின் கட்டத்தாள் ஒன்றே போதும். கட்டக்கோடுகள் ஓரம்வரை நேராகத் தெரிந்தால் வில்லை நல்லது. குறுக்களவு 18 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். கழுத்தில் தொங்கவிடக் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்; காட்டுச் சருகில் விழுந்த வில்லையைத் தேடியெடுப்பது எளிதன்று.

இவ்வில்லையால் எதைக் காணலாம்? நம் நாட்டுக் காடுகளில் பட்டுப்போன கிளைகளின்மீது புனல் வடிவான பழுப்புநிறக் காளான் ஒன்று கூட்டங் கூட்டமாக வளரும். அதன் காம்பின் அடி மஞ்சளாக இருக்கும். 'மைக்ரோபோரஸ் சாந்தோபஸ்' என்பது அதன் அறிவியற் பெயர். அதன் அடிப்பக்கம் வெறுங்கண்ணுக்கு வழவழப்பான வெள்ளைத் தோலாகவே தோன்றும். வில்லையை வைத்துப் பாருங்கள்! ஒரு மில்லிமீட்டர் நீளத்திற்குள் எட்டுப் பத்துத் துளைகள் தேன்கூடு போல நெருங்கியிருக்கும். 1929-ஆம் ஆண்டில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிற்குப் பணியாற்ற வந்த ஆங்கிலேய அறிஞர் இ. ஜே. எச். கார்னர், இக்காளானின் அமைப்பைப் பற்றி 1932-இல் ஓர் ஆய்வுக்கட்டுரையே எழுதினார். உயர்ந்த மரங்களிலிருந்து பூவும் காயும் பறித்துவரக் குரங்குகளைப் பழக்கியவரும் அவரே.

பால்மரக் கட்டைகளில் விசிறி போல ஒட்டியிருக்கும் சிறிய சாம்பல் வெள்ளைக் காளானை மலாய்க்காரர் 'செண்டாவான் கூக்கூர்' என்பர். அதன் அடியில் உள்ள மடிப்புத் தகடுகள் ஒவ்வொன்றும் விளிம்பிலே இரண்டாகப் பிளந்திருத்தலை வில்லை காட்டும். வெயிலில் அப்பிளவுகள் சுருண்டு மூடிக்கொள்ளும். நீர் தெளித்தால் மீண்டும் விரியும். இதனை ஓர் அரைநாளில் நீங்களே செய்து பார்க்கலாம்.

பார்க்கும் முறையையும் அறிதல் வேண்டும். வில்லையைக் காளான் அருகே நீட்டிப் பிடித்துத் தொலைவிலிருந்து குனிந்து பார்ப்பது தவறு. வில்லையைக் கண்ணுக்கு மிக அருகே வைத்து, அக்கையைக் கன்னத்தில் ஊன்றி, மற்றொரு கையால் காளானை வில்லையை நோக்கி உயர்த்துங்கள். ஒளி காளான்மீது விழுமாறு திரும்பி நில்லுங்கள். மற்றைக் கண்ணை மூட வேண்டுவதில்லை. சிறிது பழகினால் அது குறுக்கிடாது. காளானைத் தொடுவதனால் நஞ்சு ஏறாது. எனினும் கைகளைக் கழுவிய பின்னரே உண்ணுங்கள்.

வில்லைக்கும் ஓர் எல்லை உண்டு. காளான் பரப்பும் வித்துத் துகள்கள் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்களவே இருப்பதால், தனித்தனியே அவற்றைக் காண நுண்ணோக்கி வேண்டும். ஆனால், குடையை மட்டும் அறுத்து ஒரு வெண்தாளின்மீது கவிழ்த்து ஓர் இரவு மூடி வைத்தால், விழுந்து படியும் தூளின் நிறத்தை வெறுங்கண்ணாலேயே காணலாம். இது விளையாட்டான செய்தியன்று. புல்வெளிகளில் வளரும் பெரிய வெண்குடைக் காளான் ஒன்று, மக்கள் விரும்பிச் சமைக்கும் புற்றுக்காளானைப் போலவே தோன்றும். இளமையில் அதன் தகடுகள் வெண்மையாக இருக்கும். முதிர்ந்த பின்னரே பச்சை படரும். அதன் தூளும் பச்சைதான். அதனை உண்டவர்கள் கடுமையான வாந்திக்கும் வயிற்றுப்போக்கிற்கும் ஆளாவர். ஆகவே, வில்லையில் பார்த்தோம், தாளில் பார்த்தோம் என்று எந்தக் காளானையும் அடுக்களைக்கு எடுத்துச் செல்லுதல் ஆகாது.

வில்லையைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். மணல் துகள் கீறிவிடும். முதலில் ஊதித் தூசியை அகற்றி, பிறகு மென்மையான பருத்தித் துணியால் துடையுங்கள். நம் நாட்டின் ஈரக்காற்றில், தோலுறைக்குள் மூடியே கிடக்கும் கண்ணாடிமீது பூஞ்சணம் வலை பின்னுவதுண்டு. காளானைக் காண வாங்கிய வில்லையிலேயே காளானின் உறவினர் குடியேறிவிடுவர்! மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு அதனை ஒரு மூடிய டப்பாவில் வைத்து வாருங்கள்.