விற்பனைத் தொழிலில் இருக்கும் எமது இளைஞர்கள் தமக்கென்று வைக்க வேண்டிய இலக்குகள்

சாதாரண தரமோ உயர்தரமோ எழுதிவிட்டு விற்பனைத் தொழிலுக்குச் செல்லும் இளைஞர்கள் எமது ஊர்களில் ஏராளம். புறக்கோட்டையில் மொத்தக் கடையில் நிற்பவர், பிடவைக் கடையில் சேல்ஸ்மேனாக இருப்பவர், பிஸ்கட், சவர்க்காரம், மருந்து, தொலைபேசி என்று ஏதோ ஒரு கம்பனியின் ரெப்பாக ஊர் ஊராகச் செல்பவர் என்று ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டிலும் ஒருவரைக் காணலாம். உழைப்பதற்கு நல்ல துறை. பட்டம் இல்லாதவரும் பேச்சுத் திறமையாலும் நாணயத்தாலும் முன்னேறக்கூடிய துறை.

ஆனால் இத்துறையில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு மாதமும் 1ஆம் திகதி கம்பனி ஓர் இலக்கைத் தருகின்றது. 30ஆம் திகதி அது முடிகின்றது. மறுநாள் எல்லாம் பூச்சியத்தில் இருந்து மீண்டும் ஆரம்பம். இப்படி 180 மாத இலக்குகளைத் துரத்தினால் 15 வருடங்கள் போய்விடும். 20 வயதில் சேர்ந்தவருக்கு அப்போது 35 வயது. கையில் தகைமைச் சான்றிதழ் இல்லை, சேமலாப நிதியில் சொல்லும்படி பணம் இல்லை, அடுத்த பதவிக்கான மொழியறிவும் இல்லை என்ற நிலையில் பலர் நிற்கின்றார்கள். கம்பனியின் இலக்குகளை அவர்கள் அடைந்தார்கள். தமக்கென்று இலக்கு ஒன்றை எழுதி வைக்கவில்லை.

மாத இலக்கை நாள் கணக்காக உடைத்தல்

முதலில் கம்பனி தரும் இலக்கை எப்படிக் கையாள்வது என்று பார்ப்போம். மாதம் 15 இலட்சம் ரூபா என்பது பயமுறுத்தும் தொகை. வேலை நாட்கள் 25 என்றால் ஒரு நாளைக்கு 60,000 ரூபா. சராசரி பில் 5,000 ரூபா என்றால் நாளொன்றுக்கு 12 பில் போதும். 30 கடைகளுக்குச் சென்றால் 12 பில் விழுகின்றது என்று உங்கள் பழைய பில் புத்தகம் சொல்லுமானால், உங்கள் உண்மையான இலக்கு 30 கடைகளுக்குச் செல்வதுதான். ஒருவர் வாங்குவதும் வாங்காமல் விடுவதும் உங்கள் கையில் இல்லை. 30 கடைகளின் படியேறுவது உங்கள் கையில் இருக்கின்றது.

இந்தக் கணக்கைப் போட்டால் எங்கே திருத்த வேண்டும் என்பதும் தெரியும். அதே 30 கடைகளில் 12 பில்லை 15 ஆக்கினால் மாத விற்பனை 18 இலட்சத்து 75 ஆயிரம். பில்களைக் கூட்டாமல், வழமையாக வாங்கும் கடைக்காரருக்கு இன்னொரு பொருளையும் அறிமுகப்படுத்தி சராசரி பில்லை 6,000 ஆக்கினால் 18 இலட்சம். இரண்டில் எது உங்கள் பாதைக்குப் பொருந்தும் என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

ரூபாவை மட்டும் பார்க்க வேண்டாம்

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதமாக இருந்தது. அதாவது, ஒரு வருடத்திற்கு முன் 10 இலட்சம் ரூபாவுக்கு விற்ற அதே அளவு பொருள், விலையேற்றத்தால் மட்டும் ஏறக்குறைய 17 இலட்சமாகக் காட்டும். அந்த மாதம் 14 இலட்சத்துக்கு விற்ற ஒருவர் தான் வளர்ந்ததாக நினைத்திருக்கலாம். உண்மையில் அவர் விற்ற பொருளின் அளவு ஆறில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைந்திருந்தது. எனவே எத்தனை பெட்டி, எத்தனை கடை, எத்தனை புதிய வாடிக்கையாளர் என்ற எண்ணிக்கையையும் ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். சம்பளத்தையும் இதே அளவுகோலால் பாருங்கள்.

மாதக் கடைசியின் சோதனை

27, 28ஆம் திகதிகளில் இலக்குக்குச் சிறிது தூரம் இருக்கும்போதுதான் தவறுகள் நடக்கின்றன. தெரிந்த கடைக்காரரிடம் கெஞ்சித் தேவைக்கு அதிகமாகச் சரக்கை இறக்குவது, கடன் திருப்பாதவருக்கு மீண்டும் கடன் கொடுப்பது, காசு வராது என்று தெரிந்தும் முன்திகதியிட்ட காசோலையை வாங்கிக்கொள்வது. அந்த மாதம் கொமிஷன் கிடைக்கும். இரண்டு மாதத்தில் காசோலை திரும்பும், காலாவதியான பெட்டிகள் திரும்பும். கடைக்காரர் உங்கள் மீது வைத்த நம்பிக்கை மட்டும் திரும்பி வராது.

ஆகவே விற்பனை இலக்குக்குப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு இலக்குகளை எழுதுங்கள். ஒன்று, உரிய நாளுக்குள் அறவிடும் கடன். மற்றையது, திரும்பி வரும் சரக்கின் அளவு. கம்பனி இவற்றைக் கேட்காவிட்டாலும் நீங்கள் வைத்திருங்கள். நாளை நீங்கள் சொந்தமாகத் தொழில் தொடங்கினால் உங்களுக்குக் கடனுக்குப் பொருள் தரப்போவது இந்த நாணயத்தைப் பார்த்தவர்கள்தான்.

காலத்துக்கு ஏற்ற இலக்குகள்

முதல் மூன்று வருடங்கள் கற்கும் காலம். இக்காலத்தில் மூன்று விடயங்களைக் கட்டாயம் முடிக்க வேண்டும். முதலாவது மொழி. கிழக்கிலிருந்து செல்லும் எமது இளைஞர்கள் பலருக்குச் சிங்களம் பேசுவதிலேயே சிரமம். பேசத் தெரிந்த பலருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஒரு வருடத்தில் சிங்களக் கடிதமொன்றை வாசித்து விளங்கும் அளவுக்கு வருவேன் என்பது நல்ல இலக்கு. இரண்டாவது, சாரதி அனுமதிப்பத்திரம். மோட்டார் சைக்கிளோடு நின்றுவிடாமல் வேன் ஓட்டவும் அனுமதி பெற்றால் வேறு வேலைகளுக்கும் வழி திறக்கும். மூன்றாவது, கணினியில் எக்ஸெல். விற்பனை அறிக்கையைத் தானே தயாரிக்கத் தெரிந்தவர்தான் முகாமையாளரின் கண்ணில் படுவார்.

நான்காவது வருடத்திலிருந்து தகைமையைப் பற்றி யோசிக்க வேண்டும். 1970இல் ஆரம்பிக்கப்பட்ட இலங்கை சந்தைப்படுத்தல் நிறுவகம் இத்துறையில் தொழில்சார் கற்கைநெறிகளை நடத்துகின்றது. சிறந்த விற்பனையாளர்களுக்கான தேசிய விருது விழாவையும் அதுவே நடத்துகின்றது. அனுபவம் இருந்தும் சான்றிதழ் இல்லாததால் மேற்பார்வையாளர் பதவியோடு நிற்பவர்கள் நிறைய உண்டு. இக்காலத்தில் புதியவர் ஒருவருக்கு வேலை பழக்குவதையும் இலக்காக்குங்கள். தானே விற்பதும் பிறரை விற்க வைப்பதும் வேறு வேறு திறமைகள். முகாமையாளருக்குத் தேவைப்படுவது இரண்டாவது.

35 வயதைக் கடக்கும்போது கேள்வி மாறும். இன்னும் எத்தனை வருடம் வெயிலில் ஓட முடியும்? முகாமைத்துவமா, சொந்தக் கடையா, விநியோகஸ்தர் உரிமையா என்று தீர்மானிக்க வேண்டிய காலம் இது. சொந்தத் தொழில் என்றால் குறைந்தது ஆறு மாத வீட்டுச் செலவை ஒதுக்கிய பின்னரே வேலையை விடுங்கள். முதலாளியின் வாடிக்கையாளர் பட்டியலையும் விலை விபரங்களையும் களவாக எடுத்துச் செல்லாதீர்கள். அது அமானிதம்.

சட்டம் தரும் உரிமை

ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் முதலாளி குறைந்தது 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3 வீதம் தனியாகச் செலுத்த வேண்டும். பலர் அறியாத விடயம், சேமலாப நிதியைக் கணக்கிடும் உழைப்பில் கொமிஷனும் அடங்கும் என்பது. அடிப்படைச் சம்பளம் 40,000, கொமிஷன் 35,000 என்றால் 75,000க்கு 20 வீதமாக மாதம் 15,000 ரூபா நிதிக்குச் செல்ல வேண்டும். அடிப்படைக்கு மட்டும் கட்டினால் 8,000 தான். வித்தியாசம் மாதம் 7,000. பத்து வருடத்தில் வட்டியில்லாமலே 8 இலட்சத்து 40 ஆயிரம்.

பணிக்கொடையும் அப்படியே. 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பள ஊழியருக்கு, கடைசிச் சம்பளத்தின் அரைவாசி வீதம் ஒவ்வொரு வருடத்துக்கும் கிடைக்க வேண்டும். 2,000 ரூபா கூடுதலாகக் கிடைக்கிறது என்று நாலரை வருடத்தில் கம்பனி மாறுபவர் எதை விட்டுச் செல்கின்றார் என்று கணக்குப் பார்த்தாரா?

குடும்பத்துக்கும் ஓர் இலக்கு

பெருநாள் சீசனில் பிடவைக் கடைகளில் நள்ளிரவு தாண்டியும் வேலை நடக்கும். தூர இடங்களுக்குச் செல்லும் ரெப் வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் இருப்பதில்லை. தொழிலின் இயல்பு அது. ஆனால் வாரத்தில் எந்த நாள் பிள்ளைகளுக்கு, வருடத்தில் எப்போது வைத்தியப் பரிசோதனை, எத்தனையாம் வருடத்தில் கடனில்லாமல் வீட்டுக் கூரை போடுவது என்பவற்றையும் திகதியோடு எழுதலாம். திகதி இல்லாத இலக்கு வெறும் ஆசைதான்.

கடைசியாக எமது வர்த்தகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கடையில் நிற்கும் பையனுக்கு மாத இலக்கைக் கொடுக்கும் நீங்கள், அவனுக்குச் சேமலாப நிதியையும் கட்டுங்கள். வகுப்புக்குச் செல்ல வாரத்தில் ஒரு மாலையை விட்டுக் கொடுங்கள். இன்று இரவு அவன் ஒரு தாளில் அடுத்த மூன்று வருடத்துக்கான மூன்று இலக்குகளை எழுதினால், அவற்றில் ஒன்றாவது உங்கள் உதவியால் நிறைவேறட்டும்.