முதலில் காற்று, பின்னரே நெருப்பு

எங்கள் உத்தரகோசமங்கைப் பக்கத்து வயல்களில் ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைப்பதைக் காணாதவர் உண்டோ? கைப்பிடியை மாட்டி, சக்கரத்தை ஒருவர் வேகமாகச் சுற்றுவார். போதிய வேகம் வந்த பிறகே எஞ்சின் 'புடுபுடு'வென்று தானாக ஓடும். அந்த முதற்சுற்று இல்லையேல், எவ்வளவு டீசல் ஊற்றியும் பயனில்லை. ஜெட் டர்பைன் எஞ்சினின் நிலையும் இதுவேயாகும்.

ஜெட் எஞ்சினின் முன்புறமுள்ள அமுக்கி, காற்றை இழுத்து அழுத்துகிறது. அக்காற்றில் எரிபொருள் எரிகிறது. வெளிப்படும் சூடான வாயு, பின்புறமுள்ள டர்பைனைச் சுழற்றுகிறது. ஒரே தண்டில் இணைந்திருப்பதால் டர்பைன் சுழல, அமுக்கியும் சுழல்கிறது. டர்பைன் தரும் ஆற்றலில் பெரும்பங்கு அமுக்கிக்கே செலவாகிறது. ஆகவே நின்றிருக்கும் எஞ்சின் தானே புறப்பட இயலாது. வெளியிலிருந்து ஒரு கை உதவவேண்டும்.

வெளிநாடுகளில் ஆர்வலர் சிலர், லாரிகளின் பழைய டர்போசார்ஜரைக் கொண்டு வீட்டிலேயே சிறு ஜெட் எஞ்சின் செய்கின்றனர். காற்றூதியால் சுழற்றி அதைக் கிளப்புவர். அது கிளம்ப மறுத்தால், எரிபொருளைக் கூட்டினால் போதும் என்று தோன்றும். அறிவியல் வகுப்பில் எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அது தவறு! காற்று குறைவாக இருக்கையில் எரிபொருளைக் கூட்டினால் வேகம் ஏறாது, வெப்பமே ஏறும். டர்பைன் இதழ்கள் கருகிவிடும்.

இங்கிலாந்தில் பிராங்க் விட்டில் என்பார் தாம் அமைத்த ஜெட் எஞ்சினை 1937 ஏப்ரல் 12-இல் முதன்முதலாக இயக்கினார். எரிபொருள் வால்வை மூடிய பிறகும் எஞ்சின் ஓலமிட்டபடி வேகமெடுத்தது. சுற்றி நின்றோர் ஓடிவிட்டனர். எரிகலத்தினுள் முன்னரே கசிந்து தேங்கியிருந்த எரிபொருளே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அதன்பின் தேங்கும் எரிபொருள் வெளியேற ஒரு வடிகுழாய் பொருத்தப்பட்டது. சிறிய திருத்தந்தான், ஆனால் எத்துணைப் பெரிய பாதுகாப்பு!

ஆகவே, தொடக்க முறையைச் சீர்செய்வதென்பது நெருப்பைப் பெருக்குவதன்று, ஒழுங்கைப் பேணுவதாகும். முதலில் தாங்கிகளுக்கு எண்ணெய் செல்லவேண்டும். அடுத்து, காற்றூதி தண்டை வேகமாகச் சுழற்றவேண்டும். அதன் பின்னரே பொறி தட்டி, எளிதில் பற்றும் வாயுவைச் சிறிதளவு விடவேண்டும். நன்கு எரிந்து வேகம் ஏறியபின் மண்ணெண்ணெயை மெல்லக் கூட்டலாம். வெளிவரும் வாயுவின் வெப்பத்தை அளந்துகொண்டே இருந்து, எல்லை மீறினால் உடனே எரிபொருளை நிறுத்தவேண்டும். தன் சுமையைத் தானே தாங்கும் வேகம் வரும்வரை காற்றூதியை அகற்றலாகாது. நிறுத்திய பிறகும் சற்று நேரம் காற்று செலுத்திக் குளிர்விப்பது நன்று. தோழியரே, இதை வீட்டில் செய்துபார்க்க எண்ணாதீர்கள்! சுழலும் சக்கரம் சிதறினால் துப்பாக்கிக் குண்டுபோல் பாயும்.

நம் மாவட்டத்திலேயே, இராமநாதபுரத்தை அடுத்த வழுதூரில், எரிவாயு டர்பைன் மின்நிலையம் அமைந்துள்ளது. இத்தகைய பெரிய நிலையங்கள் சிலவற்றில் மின் ஆக்கியையே முதலில் மோட்டாராக இயக்கி டர்பைனைச் சுழற்றுவதுண்டு. 2001 சனவரி 4-இல் முதன்முதலாகப் பறந்த நம் நாட்டுத் தேஜஸ் விமானத்தின் பெரிய எஞ்சின் வெளிநாட்டில் செய்யப்பட்டது. ஆனால் அவ்விமானத்தின் எஞ்சினைத் தட்டியெழுப்புவதற்கென்று, பெங்களூரிலுள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தார் ஒரு சிறு டர்பைனை நம் நாட்டிலேயே வடிவமைத்தனர். பெரியதை எழுப்பச் சிறியது வேண்டியிருப்பது வியப்பல்லவா?

தொடக்கத்தில் தாங்கிப் பிடிக்கும் கை, உரிய வேகம் வருமுன் விலகினால் எஞ்சின் அணைந்துவிடும். வந்த பின்னும் விலகாவிடில் அதுவே தடையாகும். நம் பெற்றோரும் ஆசிரியைகளும் இதை நன்கறிவர். நாம் பொறுமையுடன் வேகம் கொள்வோமாக!