கோடு சொல்வதைக் கேட்கும் கார்

புதுசா கார் வாங்கியவர்களிடம் பேசினால் மைலேஜுக்கு அடுத்தபடியாக இப்போது வரும் கேள்வி, "ஏடாஸ் இருக்கா?" என்பதுதான். இருக்கு என்று பெருமையாகச் சொல்வார்கள். "யூஸ் பண்றீங்களா?" என்று கேட்டால் கொஞ்சம் இழுப்பார்கள். தானா பிரேக் போடுறது ஓகே, முன்னால் போகிற வண்டியைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிற குரூஸ் கண்ட்ரோல் ரொம்ப நல்லா இருக்கு. "ஆனா அந்த ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுக்குது பாருங்க, அதை மட்டும் ஆஃப் பண்ணிட்டேன்."

கடந்த சில மாதங்களாக குன்றத்தூர், தாம்பரம் பக்கம் இப்படிப்பட்ட கார் வைத்திருக்கும் நண்பர்கள், அலுவலக ஆட்கள் என்று கிடைத்தவர்களிடமெல்லாம் இதைக் கேட்டுக் குறித்து வைத்தேன். புள்ளிவிவரம் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். ஏன் ஆஃப் பண்றாங்க, அப்படிப் பண்றது சரியா என்பதுதான் இந்தப் பதிவு.

மூன்று வேறு வேறு வசதிகள்

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்தாலும், அடிப்படையில் இருப்பது மூன்று.

முதலாவது, லேன் டிபார்ச்சர் வார்னிங். இண்டிகேட்டர் போடாமல் கோட்டைத் தாண்டினால் பீப் அடிக்கும், அல்லது ஸ்டியரிங் அதிரும். அவ்வளவுதான், வண்டியைத் திருப்பாது.

இரண்டாவது, லேன் கீப் அசிஸ்ட். கோட்டை நெருங்கும்போது ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பி உள்ளே தள்ளும். மற்ற நேரம் சும்மா இருக்கும்.

மூன்றாவது, லேன் சென்டரிங். லேன் ஃபாலோ என்றும் சொல்வார்கள். இது சும்மா இருக்காது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் வண்டியை வைத்திருக்க ஸ்டியரிங்கைத் தொடர்ந்து திருப்பிக்கொண்டே இருக்கும்.

நான் கேட்டவர்களில் பாதிப்பேருக்கு, தங்கள் காரில் இதில் எது இருக்கிறது, எது ஆனில் இருக்கிறது என்று தெளிவாகத் தெரியவில்லை. டெலிவரி எடுக்கும் அன்று ஷோரூமில் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மேனுவலை யார் படிக்கிறா?

உள்ளே என்ன நடக்குது?

ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியை ஒட்டி ஒரு கேமரா இருக்கும். கருப்புச் சாலையில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தொடர்ந்து போகும் பட்டைகளை அது தேடுகிறது. கிடைத்த துண்டுகளைச் சேர்த்து ஒரு வளைகோடாக மனதில் போட்டுக்கொள்கிறது. வண்டி அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கோணத்தில் போகிறது என்று கணக்குப் போடுகிறது. பவர் ஸ்டியரிங்குக்கு ஏற்கெனவே ஒரு மின்மோட்டார் இருக்கிறதே, அதே மோட்டாருக்கு "கொஞ்சம் இடப்பக்கம்" என்று கட்டளை போகிறது.

பெரும்பாலான கார்களில் லேன் கீப் அசிஸ்ட் மணிக்கு 60 கி.மீ. அளவைத் தாண்டினால்தான் வேலை செய்யும். இண்டிகேட்டர் போட்டிருந்தால் "டிரைவர் தெரிஞ்சுதான் போறார்" என்று ஒதுங்கிக்கொள்ளும். ஸ்டியரிங்கில் கை இல்லை என்று தோன்றினால் கையை வைக்கச் சொல்லி எச்சரிக்கும்.

எதற்காக இவ்வளவு? ஒரு சின்னக் கணக்கு. நெடுஞ்சாலையில் ஒரு லேனின் அகலம் 3.5 மீட்டர். கார் 1.8 மீட்டர். நடுவில் போனால் இரு பக்கமும் 85 செ.மீ. மிச்சம். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. வண்டி வெறும் 1 டிகிரி திசை மாறினாலும் வினாடிக்குக் கிட்டத்தட்ட 39 செ.மீ. பக்கவாட்டில் நகரும். அதாவது 2 வினாடி கொஞ்சம் தாண்டினால் நீங்கள் அடுத்த லேனில். கண் சொக்குவதற்கு 2 வினாடி போதும்.

இந்த யோசனை புதுசு இல்லை. 2001-லேயே ஜப்பானில் நிஸான் சிமா காரில் வந்துவிட்டது. இந்தியாவில் 2020-ல் எம்ஜி குளோஸ்டர், 2021-ல் எம்ஜி ஆஸ்டர், மஹிந்திரா எக்ஸ்யுவி700 என்று ஏடாஸ் பரவத் தொடங்கியது. இதில் எக்ஸ்யுவி700 செங்கல்பட்டு பக்கம் மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் ஆராய்ச்சி மையத்தில் உருவானது. 2023-ல் ஏடாஸோடு வந்த ஹூண்டாய் வெர்னா, நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராவது. ஆக, கார்கள் நம்ம ஊர்க்காரங்கதான். பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது.

சாலைவாரியாக

குன்றத்தூர்–பல்லாவரம் சாலை, குன்றத்தூர்–போரூர் சாலை: இங்கே இந்தப் பேச்சே கிடையாது. 60-ஐத் தொட்டால்தானே! அனகாபுத்தூர், பம்மல் வழியாக 60-ல் போகிறவருக்கு லேன் அசிஸ்ட் தேவையில்லை, ஆம்புலன்ஸ் அசிஸ்ட்தான் தேவை.

வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை: எல்லோரும் புகழ்வது இதைத்தான். அகலமான சாலை, பெரும்பாலும் நேர்பாதை, கோடுகளும் தெரிகின்றன. டேஷ்போர்டில் இரண்டு பச்சைக் கோடு எரிந்தபடியே இருக்கும். ஆனால் ஓரத்தில் நிற்கிற லாரியும், எதிர்த்திசையில் வருகிற பைக்கும் இங்கேயும் உண்டு.

ஜிஎஸ்டி சாலை: பச்சைக் கோடு வரும், போகும். புதுசா போட்ட கோட்டுக்குப் பக்கத்திலேயே அரைகுறையாக அழித்த பழைய கோடு. மேம்பால வேலைக்கு வைத்த தடுப்பு. சாலை விரிசலுக்கு ஊற்றிய தார், சாய்ந்த வெயிலில் பளபளத்து அதுவே கோடு மாதிரி தெரிகிறது. ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் கோடே இல்லை. கேமராவுக்குக் கோடு தெரியவில்லை என்றால் சத்தமில்லாமல் வேலையை நிறுத்திவிடும். பச்சை, சாம்பல் நிறமாகும். அதை டிரைவர் கவனித்திருக்க வேண்டும்.

முக்கியமான புகார்

எல்லோரும் சொன்ன அந்த ஒரே விஷயம் இதுதான். முன்னால் இடது ஓரமாக ஒரு பைக் போகிறது. நாம் என்ன செய்வோம்? இண்டிகேட்டர் போட மாட்டோம். வலப்பக்கம் ஒரு அரை மீட்டர் ஒதுங்கி, கோட்டின் மேல் ஏறி, பைக்குக்கு இடம் விட்டுத் தாண்டுவோம். இது நம்ம ஊரில் நல்ல டிரைவருக்கு அடையாளம். ஆனால் கேமராவுக்கு, "இண்டிகேட்டர் இல்லை, கோட்டைத் தாண்டுகிறார், தூங்கிட்டார் போல." உடனே இடப்பக்கம் தள்ளும். அதாவது, யாரைக் காப்பாற்ற ஒதுங்கினோமோ அந்த பைக்காரர் பக்கம்.

தள்ளுகிற விசை பெரிதில்லை. ஐ.நா.வின் ஸ்டியரிங் விதிமுறை 79, டிரைவர் இதை மீறித் திருப்ப 50 நியூட்டனுக்கு மேல் தேவைப்படக் கூடாது என்கிறது. சுமார் 5 கிலோ எடையைத் தாங்கும் அளவு. யாராலும் முடியும். ஆனால் எதிர்பாராமல் வரும்போது அந்த ஒரு நொடித் திடுக்கிடல்தான் பயம்.

இங்கே மென்பொருளில் பிழை எதுவும் இல்லை. கொடுத்த வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கோடு என்பது ஓட்டுநர்களுக்கு இடையிலான ஒப்பந்தம் என்று வைத்துக்கொண்டு எழுதிய மென்பொருள் அது. நம்ம சாலையில் ஒப்பந்தம் கோட்டில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. எங்கே இடம் இருக்கோ அங்கே வண்டி. போக்குவரத்துப் பொறியியலில் இதை லேன் ஒழுங்கில்லாத கலவைப் போக்குவரத்து என்பார்கள். ஐஐடி மெட்ராஸில் சென்னைச் சாலைகளை வைத்தே ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் சுமார் 44 சதவீதம் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். பைக்குக்கு இடம் விடுவது இங்கே உயிர் விஷயம்.

அப்போ ஆஃப் பண்ணிடலாமா?

அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2017-ல் வெளியிட்ட ஆய்வின்படி, வெறும் எச்சரிக்கை மட்டுமே தரும் வசதியால்கூட, லேன் விலகுவதோடு தொடர்புள்ள விபத்துகள் 11 சதவீதமும், அவற்றில் காயம் ஏற்படுபவை 21 சதவீதமும் குறைந்தன. அதே ஆண்டு அவர்கள் சர்வீசுக்கு வந்த கார்களைப் பார்த்தபோது, முன்பக்க மோதல் தடுப்பு 93 சதவீதக் கார்களில் ஆனில் இருந்தது. லேன் வசதி 51 சதவீதத்தில்தான். நல்ல கோடு போட்ட ஊரிலேயே பாதிப்பேர் ஆஃப்! ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களிலும் அவசர லேன் காப்பு கட்டாயம். ஆஃப் பண்ணினாலும் அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது மறுபடி ஆன் ஆகிவிடும்.

நிரந்தரமாக ஆஃப் பண்ணுகிறவர் எதை இழக்கிறார்? விடிகாலை 3 மணி, திருச்சி நெடுஞ்சாலை, பின்சீட்டில் குடும்பம் தூங்குது, உளுந்தூர்பேட்டை தாண்டி டிரைவருக்கும் கண் சொக்குது. அந்த 2 வினாடிக்காகத்தான் இந்த வசதி. பல்லாவரத்தில் எரிச்சல் தந்தது என்று ஆஃப் பண்ணினால், உளுந்தூர்பேட்டையில் அது இருக்காது.

மறுபக்கமும் உண்டு. தானியங்கிகள் சுலபமான வேலையை எடுத்துக்கொண்டு, கஷ்டமானதை மனுஷன் தலையில் விட்டுவிடும் என்று 1983-லேயே லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார். லேன் சென்டரிங்குக்கு இது அப்படியே பொருந்தும். நேர் ரோட்டில் அழகாக ஓட்டி நம்மை அசத்திவிட்டு, கோடு மறையும் இடத்தில் ஒதுங்கிக்கொள்ளும்.

என் பரிந்துரை

ஒருமுறை முடிவெடுத்து விட்டுவிடாமல், சாலைக்குச் சாலை முடிவு பண்ணுங்க.

ஊருக்குள் சென்டரிங் ஆஃப், எச்சரிக்கை மட்டும் போதும். வெளிவட்டச் சாலை, நான்குவழிச் சாலை என்று ஏறினால், குறிப்பாக ராத்திரியில், லேன் கீப் அசிஸ்ட் ஆன். கனமழையிலும் சாலை வேலை நடக்கும் இடத்திலும் அதை நம்பாதீங்க. பைக்கைத் தாண்ட ஒதுங்கும்போதுகூட இண்டிகேட்டர் போடப் பழகுங்க. கார் இழுக்காது, பின்னால் வருகிறவருக்கும் தெரியும். சென்டரிங் ஆனில் இருந்தாலும் இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நம்ம ஊரில் கார் ஒருவர் கையில் மட்டும் இருப்பதில்லை. தம்பி எடுத்துட்டுப் போவான், ஊருக்குப் போக ஆக்டிங் டிரைவர் வருவார். நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்த ஆக்டிங் டிரைவர், செங்கல்பட்டு தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, "சார், ஸ்டியரிங் இழுக்குது, அலைன்மென்ட் பாருங்க" என்றாராம். முப்பது வருஷம் ஓட்டிய மனுஷர். அவர் கையில் குறையில்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை. சாவியைக் கொடுக்கும்போது ஒரு நிமிஷம் ஒதுக்கி, "அண்ணே, இந்த வண்டி கோட்டைத் தாண்டினா ஸ்டியரிங்கைத் தள்ளும், பயப்படாதீங்க, கையால திருப்பினா விட்டுடும், இதுதான் ஆஃப் பட்டன்" என்று சொல்லிவிடுங்கள்.