வற்றாப்பளையில் வீடு, முல்லைத்தீவில் வேலை

முல்லைத்தீவு நகரம் வங்கக் கடலுக்கும் நந்திக்கடல் களப்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் இருக்கிறது. பரந்து வளர அதற்கு இடமில்லை. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை அந்நிலத்தின் தாழ்வையும் காட்டிவிட்டது. கச்சேரியும் கந்தோர்களும் நகரத்தில் இருந்தாலும், தண்ணீரூற்று, முள்ளியவளை, வற்றாப்பளை ஆகிய உள்நிலத்து ஊர்களில் குடியிருக்கப் பலர் விரும்புவதில் வியப்பில்லை.

நகரத்தை விட்டு விலக விலகக் காணி மலியும், பயணச் செலவு ஏறும். குடும்பம் இரண்டையும் நிறுத்துப் பார்த்தே வீட்டைத் தெரிவுசெய்கிறது என்று 1964இல் நகரப் பொருளியல் அறிஞர் வில்லியம் அலொன்சோ எழுதினார். வற்றாப்பளையில் வளவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிணற்று நீர், தென்னை, முருங்கை, கோழி, அருகே வயல், களப்பில் இறால் என்று இருக்கும் வீட்டில், தெருவில் போகும் காசின் ஒரு பங்கு அடுப்படியில் மிச்சமாகிறது.

அந்தக் காசு எவ்வளவு? நாளுக்கு 20 கிலோமீற்றர் போய்வரும், லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்கு 22 வேலைநாள்களில் 8.8 லீற்றர் பெற்றோல் வேண்டும். 2022 தொடக்கத்தில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா; மாதச் செலவு ஏறக்குறைய 1,560 ரூபா. அவ்வாண்டு ஜூன் கடைசியில் விலை 470 ரூபாவானதும் அதே பயணம் 4,140 ரூபாவைத் தொட்டது. சம்பளம் அப்படி ஏறவில்லை. பின்னர் கியூஆர் குறியீட்டுப் பெற்றோல் பங்கீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்தபோது கிட்ட இருப்பவர் சமாளித்தார். வவுனியாவிலிருந்து நாளாந்தம் வருபவருக்கு அது ஒரு சுற்றுப் பயணத்துக்குச் சற்றுக் கூடவே போதுமாயிருந்தது. கிட்ட இருப்பது எவ்வளவு பெறுமதியானது என்பதை அந்த மாதங்கள் உணர்த்தின.

பிள்ளைகளுக்கு முள்ளியவளையில் வித்தியானந்தாக் கல்லூரி. நோய்க்கு மாஞ்சோலையில் மாவட்ட வைத்தியசாலை. இவற்றுக்கு மேலாக ஊரைப் பிடித்து வைத்திருப்பது கண்ணகி அம்மன் கோயில். வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் அந்நீரில் விளக்கேற்றி, பிறகு வற்றாப்பளையில் பொங்குவது மரபு. இடம்பெயர்ந்து போனவர்களும் புலம்பெயர்ந்தவர்களும் அந்த நாளுக்கு ஊர் திரும்புகிறார்கள். எந்த நகர்ப்புறத் திட்டமும் இத்தகைய பிணைப்பை உண்டாக்கித் தராது.

குறைகளும் உண்டு. பஸ் நேரத்தோடு வேலைநேரம் பொருந்தாதவருக்கு மோட்டார் சைக்கிளே கதி. ரயிலுக்கு மாங்குளம் வரை போக வேண்டும். அயலூரான கேப்பாப்பிலவில் படையினர் வசமிருந்த காணிகளைக் கேட்டு மக்கள் 2017இல் தொடர் போராட்டம் நடத்தினார்கள். குடியிருக்கத் தகுந்த நிலம் பூட்டிக் கிடந்தால், அதன் உரிமையாளர் வேறெங்கோ இருந்து தினமும் கூடுதல் தூரம் ஓட வேண்டியிருக்கிறது.