கொசுவா, கொயினாவா?

மலேரியாவில் சிறுநீர் மஞ்சளாகப் போவது சகஜம். மலேரியாவின் கடும் சிக்கலான கருநீர்க் காய்ச்சல் வந்தவருக்கோ அது கடுங்காப்பி நிறத்தில் இறங்கும். சோதனைப் பட்டையில் தொட்டால் ‘ரத்தம் உண்டு’ என்று காட்டும்; மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பணு அநேகமாக இருக்காது. அணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்து, அவற்றிலிருந்து கொட்டிய ஹீமோகுளோபின்தான் சிறுநீரகம் வழியே வடிகிறது. ரத்தசோகை மளமளவென்று முற்றும். சிறுநீரகம் பழுதானால் சிறுநீரே நின்றுவிடும், பிறகு டயாலிசிஸ்தான்.

பூட்டான் மலையடிவாரத்திலுள்ள டூவார்ஸ் தேயிலைத் தோட்டங்களில் இந்த நோயை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸும் பென்ட்லியும் 1908-இல் அறிக்கை வெளியிட்டார்கள். அங்கே இதில் அதிகம் விழுந்தது வெளியூரிலிருந்து வந்த துரைமார்களும் குமாஸ்தாக்களும். காய்ச்சல் வந்தால் கொயினா, விட்டால் மறந்துவிடுவது என்று அரைகுறையாக மருந்து சாப்பிட்டவர்களைத்தான் இது அதிகம் பிடித்தது. நோய்க்குக் கொயினாவே காரணம் என்றார் ராபர்ட் கோச். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவரே சொன்ன பிறகு சர்ச்சைக்குக் கேட்கவா வேண்டும்! மலேரியாவைக் கொல்லும் மருந்தையே சந்தேகித்தால் நோயாளிக்கு எதைக் கொடுப்பது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கொயினாவுக்குப் பதிலாகக் குளோரோகுயின் பரவ, கருநீர்க் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. கொயினாமீது விழுந்த பழி முழுப்பொய் அல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

சிவப்பணு ஏன் உடைகிறது என்பதற்கு இன்னொரு துப்பு அமெரிக்காவின் ஸ்டேட்வில் சிறையில் கிடைத்தது. அங்கே கைதிகள்மீது (இன்று எந்த நெறிக்குழுவும் அனுமதிக்காத விதத்தில்) பிரைமாகுயின் என்ற மலேரியா மருந்து சோதிக்கப்பட்டது. சிலருக்கு மட்டும் சிவப்பணு உடைந்தது. அவர்களுக்குப் பிறவியிலேயே ஜி-6-பி-டி நொதி குறைவு என்று 1956-இல் தெரியவந்தது. வைவாக்ஸ் வகை மலேரியாவுக்கு இன்றும் பிரைமாகுயினை எழுதுகிறார்கள். முடிந்தவரை ஜி-6-பி-டி பரிசோதனையை முதலில் செய்துவிடுவது நல்லது.

கருநீர் வரலாற்றோடு போய்விடவில்லை. கிழக்கு உகாண்டாவின் ம்பாலே, சொரோட்டி மருத்துவமனைகளுக்குக் குழந்தைகள் இதே கறுத்த சிறுநீரோடு வருகிறார்கள். அங்கே அது ஏன் இத்தனை அதிகம் என்பது இன்னும் தீராத விவாதம்.

கடும் மலேரியாவுக்கு இன்று முதல் மருந்து ஆர்ட்டிசுனேட் ஊசி. கொயினாவைவிட அதிக உயிர்களைக் காப்பாற்றுகிறது என்று 2005-இல் ஆசியாவிலிருந்தும் 2010-இல் ஆப்பிரிக்காவிலிருந்தும் வெளிவந்த பெரிய ஆய்வுகள் காட்டின. ஆனால் கிருமி ஒழிந்து வீடு திரும்பியவர்களில் சிலருக்கு, ஒரு வாரம் கழித்தோ அதற்குப் பிறகோ சிவப்பணு உடையத் தொடங்குகிறது. எனவே நான்கு வாரம் வரை ஹீமோகுளோபினைப் பார்த்துவரச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.